இரவை அறிவிக்கும் ஹார்மோன்: ஆய்வக எலிகளும் நம் நைட் ஷிப்ட் சகோதரர்களும்



கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை, அத்திப்பட்டு அனல் மின் நிலையம் என்று நம் பகுதியில் வேலைக்குப் போகும் குடும்பங்களில், வீட்டுக்கு ஒருவராவது ஷிப்ட் முறையில் இருக்கிறார். ஒரு வாரம் காலை ஆறு மணி, அடுத்த வாரம் மதியம் இரண்டு மணி, அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணி. உலைக்குப் பக்கத்தில் விடிய விடிய நின்றுவிட்டு வந்தவருக்குப் பகலில் தூக்கம் வருவதில்லை. அண்மைக் காலமாக இதற்கு ஒரு புதுத் தீர்வு கைமாறிக்கொண்டிருக்கிறது. "இது தூக்க மாத்திரை இல்லை, இயற்கையானது, பழக்கமாகாது" என்று சொல்லி, மெலடோனின் மாத்திரையையும் மிட்டாய் போன்ற அதன் கம்மியையும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் உண்டு.

இந்த மெலடோனின் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் சொன்னவை எலிகள், வெள்ளெலிகள், ஆடுகள், வௌவால்கள் போன்ற உயிரினங்கள்தான். அவற்றில் கண்டதைச் சரியாகப் புரிந்துகொண்டால், மாத்திரையை எடுப்பதா வேண்டாமா என்பதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருப்பது தெரியும். எந்த நேரத்தில் என்பதே அது.

மெலடோனினைக் கண்டெடுத்தவர் தூக்கத்தைத் தேடியவர் அல்லர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் ஒரு தோல் மருத்துவர். மாட்டின் பீனியல் சுரப்பிச் சாற்றைத் தலைப்பிரட்டைக்குக் கொடுத்தால் அதன் தோல் வெளிறுகிறது என்று 1917-லேயே எழுதியிருந்தார்கள். தோல் நிறக் கோளாறுகளுக்கு அதில் ஏதாவது வழி கிடைக்குமா என்று லெர்னர் பார்த்தார். கசாப்புக் கூடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளின் பீனியல் சுரப்பிகளை வாங்கி, வடித்து வடித்து, 1958-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். தவளைத் தோலை வெளுக்கச் செய்ததால் மெலடோனின் என்று பெயர் வைத்தார். தோல் நோய்க்கு அது உதவவில்லை. ஆனால் மூளையின் நடுவே பட்டாணியைவிடச் சிறிதாக இருக்கும் அந்தச் சுரப்பி என்ன செய்கிறது என்ற பழைய கேள்விக்கு வழி திறந்தது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆய்வக எலிகளிடம் ஒரு விஷயம் தெளிவானது. பீனியலில் மெலடோனினைத் தயாரிக்கும் நொதியின் வேகம் பகலில் மிகக் குறைவு. இருட்டியதும் பல மடங்கு ஏறுகிறது. நள்ளிரவில் எலியின் கூண்டருகே விளக்கைப் போட்டால், சில நிமிடங்களிலேயே அந்த வேகம் சரிந்துவிடுகிறது. மெலடோனின் இரத்தத்தில் வெகுநேரம் தங்குவதும் இல்லை. ஆகவே இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதே உடலுக்கு ஓர் அறிவிப்பு: இப்போது இருட்டு, இவ்வளவு நேரமாக இருட்டு.

இங்கே ஓரிடத்தில் நிதானிக்க வேண்டும். பெரும்பாலோர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இது. எலி இரவில் விழித்து ஓடும் பிராணி. மனிதன் இரவில் உறங்குபவன். ஆனால் இருவருக்கும் மெலடோனின் உயர்வது இரவில்தான். எலிக்கு அது ஏறும்போது தூக்கம் வருவதில்லை. அதன் அலுவல் நேரமே அப்போதுதான் தொடங்குகிறது. எனவே மெலடோனினைத் தூக்க ஹார்மோன் என்று அழைப்பது பாதிதான் சரி. அது இரவின் அறிவிப்பாளர். அறிவிப்பைக் கேட்டு என்ன செய்வது என்பதை அந்தந்த உயிரினத்தின் உடல் தீர்மானிக்கிறது.

இதற்கு ஆட்டையும் வெள்ளெலியையும் விடத் தெளிவான சான்று கிடையாது. குளிர் நாடுகளில் இரவு நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரமும் நீள்கிறது. அந்த நீண்ட அறிவிப்பைக் கேட்டு வெள்ளெலியின் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கிவிடுகின்றன. பீனியல் சுரப்பியை எடுத்துவிட்டால் சுருங்குவதில்லை என்று 1965-ல் ஹாஃப்மனும் ரெய்ட்டரும் காட்டினார்கள். அதே நீண்ட அறிவிப்பைக் கேட்டுச் செம்மறி ஆடு இனச்சேர்க்கைக்குத் தயாராகிறது. மேலைநாட்டுப் பண்ணையாளர்கள் பருவம் முன்னதாக வரட்டும் என்று ஆட்டின் காதடியில் மெலடோனின் குச்சியைச் செருகுகிறார்கள். ஹார்மோன் ஒன்று, பலன் நேர்மாறு.

இனி, உடலின் மற்ற ஹார்மோன்கள். மனிதருக்கு விடியலில், பஜ்ருத் தொழுகையை ஒட்டிய நேரத்தில், கார்ட்டிசால் உயர்கிறது. அட்ரினல் சுரப்பி தரும் இந்த ஹார்மோன்தான் சர்க்கரையை இரத்தத்துக்கு எடுத்துவிட்டு, உடலை வேலைக்குத் தயாராக்குகிறது. எலிக்கு இதன் இணை கார்ட்டிகோஸ்டீரோன். அது மாலையில், எலி எழுவதற்குச் சற்று முன் உச்சத்துக்கு வருகிறது. இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்பது 1972-ல் தெரிந்தது. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் ஒரு சிறு நரம்புத் திரள் உண்டு. மூர், ஐக்லர் என்ற இருவரும் எலிகளில் அதைச் சிதைத்தபோது, கார்ட்டிகோஸ்டீரோனின் தினசரி ஏற்ற இறக்கம் மறைந்தே போனது. சுரப்பி வேலை செய்தது, ஆனால் நேரம் தெரியாமல் வேலை செய்தது. அதே ஆண்டு ஸ்டீபன், சுக்கர் என்ற இருவர், அந்தத் திரள் போனால் எலி தண்ணீர் குடிப்பதிலும் ஓடுவதிலும் கூட ஒழுங்கு போய்விடுவதைக் காட்டினார்கள். உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே.

கண்ணிலிருந்து வெளிச்சச் செய்தி அந்தக் கடிகாரத்துக்குப் போகிறது. அங்கிருந்து கழுத்து நரம்பு முடிச்சு வழியாகச் சுற்றிக்கொண்டு பீனியலுக்கு வருகிறது. பீனியல் விடும் மெலடோனின், இரத்தத்தில் ஓடி, அதே கடிகாரத்துக்குத் திரும்பவும் போய்ச் சேருகிறது. அதாவது அறிவிப்பாளரின் குரல் கடிகாரத்துக்கும் கேட்கிறது. அட்ரினலுக்கும் நேரடியாகக் கேட்கும்போலும். சிலி நாட்டு ஆய்வாளர்கள் கபூசின் குரங்கின் அட்ரினலில் மெலடோனின் ஏற்பி இருப்பதையும், மெலடோனின் அங்கே கார்ட்டிசால் உற்பத்தியை மட்டுப்படுத்துவதையும் 2003-ல் எழுதினார்கள்.

கடிகாரத்துக்குக் கேட்கிறது என்பதற்கான முக்கியமான சோதனை 1983-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. எலிகளைத் தொடர் இருட்டில் வைத்தார்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் ஒவ்வொரு எலியின் கடிகாரமும் தன் போக்கில் ஓடும்; 24 மணி நேரத்தைவிடச் சிறிது நீண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். ரெட்மன், ஆம்ஸ்ட்ராங், இங் ஆகியோர் தினமும் ஒரே நேரத்தில் மெலடோனின் ஊசி போட்டார்கள். சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. எலி எழும் நேரமும் ஊசி நேரமும் ஒன்றாக வந்த நாளில் கடிகாரம் பிடிபட்டது. அதன்பின் எலிகள் ஊசி நேரத்தை ஒட்டியே எழுந்தன. ஊசியை நிறுத்தியதும் பழையபடி தன்போக்கில் ஓடின. தலைமைக் கடிகாரம் சிதைக்கப்பட்ட எலிகளுக்கு ஊசி எந்த ஒழுங்கையும் தரவில்லை என்பது மூன்றாண்டுகளில் தெரிந்தது. அந்தச் சில நாட்கள் கவனிக்கத்தக்கவை. அளவு அதேதான், மருந்து அதேதான்; தவறான நேரத்தில் கொடுத்தவரை கடிகாரம் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையான இடம் உண்டு. அது நம் மக்களுக்குத் தெரியாமல் இருப்பது வருத்தம். ஜெர்மனியில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், 1970-களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடிகார ஆய்வைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த சமணர் மலைக் குகை அவருக்கு ஆய்வகமாயிற்று. சூரிய வெளிச்சமே எட்டாத அக்குகையின் உட்பகுதியில் வாழும் வௌவால்கள், வெளியே அந்தி சாய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிகின்றன? மாரிமுத்து, ராஜன் ஆகியோருடன் அவர் 1981-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை சொன்னது. கூண்டில் அடைத்து இருண்ட குகைக்குள் வைத்த வௌவால், மற்ற வௌவால்கள் வெளியே போவதையும் திரும்புவதையும் உணர்ந்தே தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டது. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனியே விட்டால், அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவியது. மனிதர்களும் சும்மா விடப்படவில்லை. நேரம் தெரியாத தனியறை ஒன்று அங்கே இருந்தது. தன்னார்வலர்கள் கடிகாரமும் பகலும் இல்லாமல் அதில் பல நாட்கள் தங்கினார்கள்.

நம் தலைப்புக்கு நேரே வருவது அந்தக் குழுவின் வயல் சுண்டெலி ஆய்வு. நெல் வயல் வரப்பில் வளை தோண்டி வாழும் சின்னஞ்சிறு சுண்டெலி அது. இரவில் நடமாடும் பிராணி. அதைக் கூண்டில் வைத்து, விளக்கு எரியும் நேரத்தையும் அணையும் நேரத்தையும் திடீரென மாற்றினார்கள். நம் சகோதரருக்கு ஷிப்ட் மாறுவது போலத்தான். சுண்டெலி புது நேரத்துக்குப் பழகப் பல நாட்கள் ஆயின. சிங்காரவேல், சுப்புராஜ், விஜய்குமார் சர்மா, சந்திரசேகரன் ஆகியோர் 1990-களின் பிற்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, பொருத்தமான வேளையில் மெலடோனின் பெற்ற சுண்டெலிகள் விரைவாகப் பழகிக்கொண்டன. கடிகாரத்தின் எந்தக் கட்டத்தில் கொடுத்தால் அது முன்னே நகரும், எந்தக் கட்டத்தில் பின்னே போகும் என்று முதலில் வரைபடம் போட்டுவிட்டு, அதன்படிதான் அவர்கள் கொடுத்தார்கள்.

மனிதர்களிலும் இப்படியொரு வரைபடம் இருக்கிறது. அமெரிக்காவில் லூயி என்ற மருத்துவரின் குழு 1992-ல் அதைக் காட்டியது. மாலையில் எடுத்த மெலடோனின் உடல் கடிகாரத்தை முன்னே இழுக்கிறது. மறுநாள் தூக்கமும் விழிப்பும் சீக்கிரம் வரும். காலையில் எடுத்தால் பின்னே தள்ளுகிறது. நைட் ஷிப்ட் முடித்து வந்து காலை எட்டு மணிக்கு மாத்திரை போடும் சகோதரர் தன் கடிகாரத்தைப் பின்னே தள்ளுகிறார். தொடர்ந்து பல வாரம் இரவு வேலைதான் என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஆனால் திங்கட்கிழமை முதல் காலை ஷிப்ட், நான்கரை மணிக்கே எழுந்தாக வேண்டும் என்றிருப்பவர், வார இறுதியிலும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் தனக்குத் தானே எதிராக வேலை செய்கிறார். இஷாவுக்குப் பிறகு ஒன்று போட்டுக்கொண்டு இரவு வேலைக்குக் கிளம்புவதோ அதைவிட மோசம். தூக்கக் கலக்கத்தோடு தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டுவதும், ரோலிங் மில்லில் நிற்பதும் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மாத்திரையைவிட வலுவானது வெளிச்சம். பிரகாசமான விளக்கு மனிதரின் இரவு மெலடோனினை அடக்கிவிடும் என்பதை அதே லூயி 1980-ல் நிறுவினார். அவர் பயன்படுத்தியது 2500 லக்ஸ். பின்னால் வந்த ஆய்வுகளில், ஒரு சாதாரண அறையின் வெளிச்சமே கணிசமாக அடக்கப் போதும் என்று தெரிந்தது. தொழிற்சாலைக் கூடத்தின் பெரிய விளக்குகளின் கீழ் எட்டு மணி நேரம், பிறகு காலை ஆறரை மணி வெயிலில் பஸ் ஸ்டாப், பிறகு திரைச்சீலை இல்லாத அறை. இதற்கு மேல் ஒரு மாத்திரை என்ன செய்துவிடும்? பகலில் தூங்குபவருக்கு நம் வீட்டார் செய்யக்கூடிய முதல் உதவி, ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி போடுவதும், அந்த அறையில் செல்போனும் டிவியும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும்தான். பஸ்ஸிலோ ரயிலிலோ வீடு திரும்புபவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். வண்டி ஓட்டி வருபவர் வேண்டாம். தூக்கத்தோடு கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்தால் ஆபத்து.

சாப்பாட்டைப் பற்றியும் எலிகளிடம் ஒரு பாடம் இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் சுண்டெலிகளின் இரவை 5 லக்ஸ் அளவு மங்கிய ஒளியால் கெடுத்துப் பார்த்தார்கள். இரவு விளக்கு போன்ற ஒளி அது. உண்ட மொத்த உணவு கூடவில்லை, ஆனால் எடை கூடியது. உறங்க வேண்டிய பகலில் அதிகம் தின்றதே காரணம். உணவை அவற்றின் இயல்பான இரவு நேரத்தில் மட்டும் வைத்தபோது எடை கூடவில்லை. பாஸ்டன் நகரில் 2021-ல் 19 பேரை வைத்துச் செய்த சோதனையும் இதையே திருப்பிச் சொன்னது: நைட் ஷிப்ட் போன்ற சூழலில் இரவில் சாப்பிட்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கேண்டீனில் பிரியாணியோ பரோட்டாவோ என்பதை யோசித்துப் பார்க்கலாம். வேலைக்குக் கிளம்பும் முன் வயிறார உண்டுவிட்டு, நடுவில் பசித்தால் லேசாக ஏதாவது எடுப்பது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. பீனியல் சுரப்பி எடுக்கப்பட்ட எலிகளில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததையும், மெலடோனின் கொடுத்தபின் சீரடைந்ததையும் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு மெலடோனின் சர்க்கரைக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெலடோனின் ஏற்பிக்கான மரபணுவில் உள்ள ஒரு மாறுபாடு சர்க்கரை நோயோடு தொடர்புடையது என்று 2009-ல் வெளிவந்தது. சாப்பாட்டை ஒட்டி மெலடோனின் எடுத்த மனிதர்களில் சர்க்கரை கட்டுப்பாடு மோசமாவதைப் பிந்தைய சோதனைகள் காட்டின. இரவில் இன்சுலின் குறைவதுதான் இயல்பு. இரவு என்று உடலுக்கு அறிவித்துவிட்டு உடனே சோற்றையும் உள்ளே அனுப்பினால் கணையம் என்ன செய்யும்?

எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உலகெங்கும் ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் கறுப்புச் சுண்டெலி இனத்துக்கு மரபணுக் குறைபாட்டால் மெலடோனின் ஏறக்குறைய சுரப்பதே இல்லை. அது இல்லாமலேயே அவை நேரப்படி எழுந்து, நேரப்படி உறங்கி, குட்டி போட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. எனவே ஒரு சுண்டெலி ஆய்வைப் பற்றிய செய்தியைப் பார்க்கும்போது, எந்த இனம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பகலில் நடமாடும் பிராணிகளில் செய்த ஆய்வுகள் மனிதருக்கு ஒருபடி நெருக்கமானவை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சந்தனா ஹால்தார் அவர்கள் பல ஆண்டுகள் அணில்களை வைத்துப் பீனியலை ஆராய்ந்தது அந்த வகையில் மதிப்புள்ளது.

புற்றுநோய் பற்றிய பயத்தையும் தொட்டுவிட வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அது பெரிதாகச் சுற்றுகிறது. 2005-ல் டேவிட் பிளாஸ்க் குழு, மனித மார்பகப் புற்றுக் கட்டி பொருத்தப்பட்ட எலிகளுக்குப் பெண்களின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தது. இருட்டில் எடுத்த, மெலடோனின் நிறைந்த இரவு இரத்தம் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்தது. இரவில் பிரகாசமான விளக்கில் இருந்த அதே பெண்களின் இரத்தம் தடுக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் இரவு ஷிப்ட் வேலையை "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்" என்ற வகையில் சேர்த்தது; 2019-ல் மறுபடி பார்த்து, அதையே உறுதிசெய்தது. உறுதியாகக் காரணம் என்ற வகையில் சேர்க்கவில்லை. நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கெல்லாம் புற்று வரும் என்பதும், மாத்திரை போட்டால் வராது என்பதும் இரண்டுமே பொய்.

வேலை கொடுப்பவர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. மனித உடல் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். எனவே நேரத்தைப் பின்னே தள்ளிப்போடுவது நமக்கு எளிது, முன்னே இழுப்பது கடினம். காலை, மதியம், இரவு என்ற வரிசையில் ஷிப்ட் மாறினால் உடல் ஓரளவு தாங்கும். இரவு, மதியம், காலை என்று தலைகீழாக மாறினால் தாங்காது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு கனிமத் தொழிற்சாலையில், தலைகீழ் வரிசையில் வாரந்தோறும் மாறிக்கொண்டிருந்த ஷிப்டை நேர் வரிசைக்கு மாற்றி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிப் பார்த்தார்கள். தொழிலாளர்களின் மனநிறைவும் உற்பத்தியும் சேர்ந்தே கூடின என்று 1982-ல் சைஸ்லர் குழு எழுதியது. நிர்வாகத்துக்குச் செலவில்லாத கோரிக்கை இது. தொழிற்சங்கத்திலோ பாதுகாப்புக் குழுவிலோ இருக்கும் நம் சகோதரர்கள் சம்பளப் பேச்சோடு இதையும் எடுத்து வைக்கலாம்.

மாத்திரை எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் மருத்துவரிடம் போகும்போது, கடந்த இரண்டு வாரம் எந்தெந்த நாள் எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அது இல்லாமல் அவரால் வேளை சொல்ல முடியாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் கேட்காமல் தொடக்கூடாது. கடையில் வாங்கும் டப்பாவில் எழுதியுள்ள அளவையும் முழுதாக நம்ப முடியாது. கனடாவில் 2017-ல் 31 மெலடோனின் பொருட்களைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவானது முதல் 478 சதவீதம் அதிகமானது வரை இருந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் கம்மி டப்பாவை வைக்காதீர்கள். அவர்களுக்கு அது மிட்டாய்தான்.